இறகில் எழுதிய வரலாறு

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. கடற்பறவையின் இறகும் அத்தகையதொரு சான்றேயாகும். அதுவும், ஆலை முதலாளிகளால் திருத்தி எழுதமுடியாத சான்று.

யப்பானின் மினமாற்றா நகரில் சிசோ கம்பனி 1932 முதல் 1968 வரை அசற்றல்டிகைட்டு உற்பத்தி செய்தது. பாதரசம் கலந்த கழிவு கடலிற் கலந்தது. 1950களில் குடாவில் மீன்கள் செத்து மிதந்தன. பறவைகள் பறக்கையிலேயே வீழ்ந்தன. பூனைகள் வெறிகொண்டு சுழன்று மாண்டன. மீனையே உண்டு வாழ்ந்த ஏழை மீனவர் குடும்பங்களையும் நோய் பற்றியது. 1959இல் கம்பனியின் வைத்தியரே ஆலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டி உண்மையைக் கண்டார். நிருவாகம் அதனை மறைத்தது. அரசாங்கம் காரணத்தை ஏற்றுக்கொண்டது 1968இலேதான். பறவைகள் முன்னரே சொன்ன செய்தியைக் கேட்பாரில்லை.

இந்நஞ்சு பரவும் வழியை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். ஆலைக் கழிவாகவும் நிலக்கரிப் புகையாகவும் கடலைச் சேரும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் அது செறிந்துகொண்டே ஏறுகிறது. இந்தச் சங்கிலியின் உச்சியிலே நிற்பது மீனுண்ணும் பறவை. அது தன் நஞ்சின் ஒரு பகுதியை வளரும் இறகிலே சேர்த்து, இறகுதிர்க்கும்போது வெளியேற்றுகிறது. பெண்பறவையோ முட்டையினூடாகவும் வெளியேற்றுகிறது. தாயின் சுமை இவ்வாறு குஞ்சின் கருவைச் சென்றடைகின்றது. உருவாகும் நரம்பு மண்டலத்தைத் தாக்குகின்றது. வட துருவத்தை அண்டிய சுவல்பார்டு தீவுகளில், இரத்தத்தில் பாதரசம் மிகுந்த கடற்காகங்கள் அவ்வாண்டு முட்டையிடாதிருக்கும் போக்குடையன என 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

இறகிற் பதிந்த பாதரசம் எளிதில் நீங்குவதில்லை. ஆதலால் நூதனசாலைகளிற் பேணப்பட்ட பறவைகள் ஆவணங்களாயின. அவற்றைப் பேணுவதற்கும் முன்னாளில் பாதரச உப்பே பூசப்பட்டது. எனவே அவ்வுப்பினின்றும் வேறுபட்ட மெதைல் பாதரசத்தையே விஞ்ஞானிகள் தனித்து அளந்தனர். கனடாவின் ஆட்டிக் பகுதியிலும் கிரீன்லாந்திலும் பிடிக்கப்பட்ட தந்தநிறக் கடற்காகங்களின் இறகுகளில், 1877இலிருந்து 2007 வரை அதன் அளவு 45 மடங்காகப் பெருகியமை 2015இல் வெளியாயிற்று. அப்பறவையின் உணவுமுறை மாறியதற்கு அடையாளமில்லை. மாறியது அது வாழும் உலகமே. ஆலையொன்றும் இல்லாத பனிக்கடலில் வாழும் பறவைக்கு இக்கதி நேர்ந்தது எவ்வாறு? காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எல்லைச்சுவர்கள் இல்லை.

மினமாற்றாவின் பெயரைத் தாங்கிய சர்வதேச உடன்படிக்கை 2013இல் நிறைவேறி, 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் நிலக்கரி இன்னும் எரிகின்றது. பொன்னைப் பிரிக்க வறியவர்கள் பாதரசத்தை வெறுங்கையாற் பிசைகின்றனர்; அந்தப் பொன்னை அணிபவர் வேறெவரோ. இலாபம் ஓரிடத்தில் குவிய, நஞ்சு மட்டும் யாவர்க்கும் பொதுவாகும் இந்தக் கணக்கினை இறகு நமக்குக் காட்டிவிட்டது. அக்கணக்கை நேர்செய்வது பறவையின் வேலையன்று, நமது வேலை.