மென்தரையிறக்கம்

மென்தரையிறக்கம் என்பது விண்கலம் ஒன்று, கோள் அல்லது துணைக்கோளின் மேற்பரப்பில் தன் கருவிகள் சேதமடையாத அளவுக்கு வேகம் குறைந்து இறங்குவதைக் குறிக்கும். 1966 பெப்ரவரி 3 அன்று சோவியத் ஒன்றியத்தின் லூனா 9 நிலவில் இறங்கியதே இவ்வகையில் முதலாவது ஆகும்.

அடிப்படை

விண்கலத்தின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமையும். அவ்வாற்றலில் பெரும்பகுதி, கலம் தரையைத் தொடுமுன் நீக்கப்பட வேண்டும். அதற்கான வழியை அவ்விடத்து வளிமண்டலம் தீர்மானிக்கிறது.

நிலவும் வெள்ளியும்

நிலவில் வளித்தடை இல்லாமையால் வான்குடை பயன்படாது. பயணத் திசைக்கு எதிராக உந்துபொறிகளை இயக்கியே வேகத்தைக் குறைக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3 இன் விக்ரம் தரையிறங்கி, ஏறத்தாழ 30 கி.மீ. உயரத்தில் நொடிக்குச் சுமார் 1.68 கி.மீ. வேகத்தில் இருந்து இவ்வாறே இறங்கியது.

வெள்ளியின் வளிமண்டலம் மிக அடர்த்தியானது. 1975 இல் வெனேரா 9 ஏறத்தாழ 50 கி.மீ. உயரத்திலேயே வான்குடைகளைக் கழற்றிவிட்டு, தட்டு வடிவத் தடுப்பின் உதவியுடன் இறங்கியது.

செவ்வாய்

செவ்வாயின் வளியழுத்தம் புவியினதில் நூறில் ஒரு பங்கிலும் குறைவு. கலத்தைச் சூடாக்க அது போதுமானது. முழுமையாக நிறுத்தப் போதாது. எனவே பல முறைகள் அடுத்தடுத்துக் கையாளப்படுகின்றன. 2021 பெப்ரவரி 18 அன்று 1,025 கிலோகிராம் நிறையுள்ள பெர்சிவியரன்ஸ் இறங்கிய முறை பின்வருமாறு:

* வெப்பக் கவசம்: மணிக்கு ஏறத்தாழ 19,500 கி.மீ. வேகத்தில் நுழைந்த கலத்தின் வேகத்தில் பெரும்பகுதியை வளியுராய்வு குறைத்தது. கவசத்தின் வெப்பநிலை சுமார் 1,300 பாகை செல்சியசை எட்டியது.
* வான்குடை: 21.5 மீட்டர் விட்டமுள்ள வான்குடை, வேகத்தை மணிக்குச் சுமார் 320 கி.மீ. ஆக்கியது.
* உந்துபொறிகள்: சுமார் 2 கி.மீ. உயரத்தில் வான்குடையிலிருந்து பிரிந்தபின் இவை இயங்கின. இறுதியில், ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்திலிருந்து ஊர்தி வடங்களில் தொங்கவிடப்பட்டு, மணிக்குச் சுமார் 2.7 கி.மீ. வேகத்தில் தரையைத் தொட்டது.

தன்னியக்கமும் தோல்விகளும்

இவை அனைத்தும் சுமார் ஏழு நிமிடங்களில் முடிந்தன. அன்று வானொலிக் குறிப்பலை புவியை அடைய 11 நிமிடங்களுக்கு மேல் ஆனது. ஆகவே புவியிலிருந்து குறுக்கிட இயலாது. கலத்தின் கணினியே முடிவெடுக்க வேண்டும். அது தவறாகக் கணித்தால் திருத்த வழியில்லை.

1999 இல் மார்ஸ் போலார் லேண்டர் இழக்கப்பட்டது. கால்கள் விரிந்தபோது எழுந்த அதிர்வை மென்பொருள் தரை தொட்டதாகக் கொண்டு, சுமார் 40 மீட்டர் உயரத்தில் பொறிகளை நிறுத்தியிருக்கலாம் என விசாரணைக் குழு கருதியது. 2016 இல் ஐரோப்பாவின் சியாப்பரெல்லி கலம், ஏறத்தாழ 3.7 கி.மீ. உயரத்தில் இருந்தபோதே தான் தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதாகக் கணித்து, வான்குடையை முன்கூட்டியே விடுவித்து, பொறிகளையும் மூன்று நொடிகளில் நிறுத்தி, மோதி அழிந்தது.