11 வயதுப் பிக்குணி

ஜப்பானில் முதன்முதலில் பௌத்தத் துறவு பூண்டவர் அரசரோ அறிஞரோ அல்லர். ஷிமா என்ற 11 வயதுச் சிறுமி என்கிறது 'நிஹோன் ஷோகி' என்ற பழைய வரலாற்று நூல். ஆண்டு கி.பி. 584.

கொரியாவின் பேக்ஜே நாட்டு மன்னர் சோங், ஜப்பானிய அரசர் கின்மேய்க்குப் பொன்முலாம் பூசிய புத்தர் சிலையை அனுப்பியது 552-ல் என்று அதே நூல் சொல்கிறது. 538 என்போரும் உண்டு. மலையிலும் மரத்திலும் அருவியிலும் 'காமி' என்னும் தெய்வங்களைக் கண்டு வணங்கிய மக்களுக்குப் புத்தரும் கடல் கடந்து வந்த இன்னொரு காமிதான். புதியவரை வணங்கினால் நம் காமிகள் சினப்பார்கள் என்றனர் மொனோனோபே, நகதோமி குலத்தார். அண்டை நாடுகளெல்லாம் வணங்கும்போது நாம் மட்டும் விலகுவதா என்றார் சோகா இனாமே. அரசர் சிலையை அவரிடமே கொடுத்துவிட்டார். பின்னர் கொள்ளைநோய் பரவியது. சிலை நனிவா கால்வாயில் வீசப்பட்டது. பக்திச் சண்டைக்குள் அரசவையில் யார் கை ஓங்குவது என்ற போட்டியும் இருந்தது.

இனாமேயின் மகன் உமாகோ விடவில்லை. துறவைக் கைவிட்டு வாழ்ந்த எபென் என்ற கொரியரைத் தேடிப்பிடித்துக் குருவாக்கினார். அவரிடம்தான் ஷிமா தீட்சை பெற்று ஸென்ஷின் ஆனாள். கூடவே இன்னும் இரண்டு பெண்கள். முதல் மூவரும் ஏன் பெண்கள்? காமியின் வாக்கைச் சொல்ல மிகோ என்ற பெண்களை அமர்த்தும் பழைய வழக்கமே காரணம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

மறு ஆண்டே மீண்டும் கொள்ளைநோய். மொனோனோபே மொரியா, உமாகோவின் புத்தர் கோயிலைக் கொளுத்தினார். பிக்குணிகளின் சீவர ஆடையைப் பறித்து, சந்தையில் வைத்துச் சவுக்கால் அடித்தார்கள்.

587-ல் சோகா, மொனோனோபே குலங்கள் போரில் மோதின, மொரியா மடிந்தார். 588-ல் பேக்ஜே கைவினைஞர்கள் வந்துசேர, அசுகா-தேரா கோயில் பணி தொடங்கியது. அதே ஆண்டு ஸென்ஷின் பேக்ஜேக்குக் கப்பலேறி, துறவு விதிகளை முறையாகக் கற்று 590-ல் திரும்பினாள்.

அப்படியானால் காமிகள் தோற்றார்களா? 749-ல் நாராவின் தோதாய்-ஜி கோயிலில் மாபெரும் புத்தர் சிலை உருவாகிக்கொண்டிருந்தபோது, அந்தப் பணிக்குக் காவலாக உசா என்ற ஊரிலிருந்து எழுந்தருளியவர் ஹச்சிமான். அவரும் ஒரு காமிதான்! இந்தச் சமரசம் எப்படிக் கைகூடியது?

(அடுத்த இதழில்)