கண்ணுக்குள் வெட்டிய மின்னல்

போன கார்த்திகை மாதம் ஒரு நாள் பின்னிரவு. தண்ணீர் குடிக்க எழுந்தேன். விளக்கு போடவில்லை. இடது கண்ணின் ஓரத்தில் பளீரென்று பிறை போல ஒரு மின்னல் வெட்டியது. மழை வரப்போகிறது, மொட்டை மாடியில் துணி காய்கிறதே என்று ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வானம் நிறைய நட்சத்திரம். தலையைத் திருப்பினேன், மறுபடியும் மின்னல். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், அப்போதும் வெட்டியது. மின்னல் வானத்தில் இல்லை, என் கண்ணுக்குள் என்று புரிந்தது.

காலையில் வீட்டம்மாவிடம் சொன்னேன். "பித்தம் தலைக்கேறியிருக்கும், ரெண்டு நாள் இஞ்சிச் சாறு குடிங்க" என்றாள். வேறு சமயமாக இருந்தால் நானும் குடித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் என்னோடு ஒரே செக்‌ஷனில் இருபது வருடம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் சில வருடங்களுக்கு முன் இதே மின்னல்தான் வந்தது. பித்தம் என்று மூன்று வாரம் சும்மா இருந்தார். ஒரு நாள் காலையில் ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இறங்குவது போல இருக்கிறது என்றார். ஆபரேஷன் செய்தும் பார்வை வரவில்லை. அந்தக் கண்ணுக்கு இன்று வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும்.

அதனால் நான் அன்றே கண் மருத்துவரிடம் போனேன். அதை முடிவில் சொல்கிறேன். வந்த பிறகு இந்த மின்னலின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். அதில் பாதிக்கு மேல் பிரெஞ்சு பேசுபவர்களின் கதையாக இருந்ததால், எங்கள் காலத்துப் பள்ளிக்கூடப் படிப்பு இந்த வயதில் கொஞ்சம் கைகொடுத்தது.

கன்னத்தில் அறை விழுந்தால் கண்ணில் பொறி பறக்கும் என்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் அதையே முப்பத்தாறு மெழுகுவத்தி பார்த்தான் என்பார்கள். அது என்ன முப்பத்தாறு கணக்கு என்று எங்கள் வாத்தியாரைக் கேட்டதற்கு எனக்கே சில மெழுகுவத்திகள் கிடைத்தன. பொறி பறப்பது வெறும் பேச்சு இல்லை. விழித்திரைக்குத் தெரிந்த பாஷை ஒன்றே ஒன்றுதான், வெளிச்சம். அதை அழுத்தினாலும் இழுத்தாலும் அது மூளைக்கு வெளிச்சம் என்றே சொல்லும். வலி என்று சொல்ல அதற்குத் தெரியாது.

பெரிய அறிஞர்கள் இதை ஒரு வேடிக்கையாகவே நெடுங்காலம் பார்த்தார்கள். நியூட்டன் இளைஞராக இருந்தபோது, 1660களில், ஒரு தடித்த ஊசியைக் கண்ணுக்கும் எலும்புக்கும் நடுவே விட்டு அழுத்தி, தெரிந்த வட்டங்களை நோட்டில் எழுதி வைத்தார். நினைத்தாலே எனக்குக் கண் கூசுகிறது. பிராக் நகரத்துப் புர்கின்யே 1819இல் தன் கண்களை அழுத்தி, தெரிந்த உருவங்களையெல்லாம் படமாக வரைந்து வெளியிட்டார். ஆனால் வயதானவர்களுக்கு யாரும் அழுத்தாமலே ஏன் மின்னுகிறது? உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் பார்க்க வழியில்லாத காலத்தில் இதற்கு விடை கிடைக்காது. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்திய பிறகுதான் கதவு திறந்தது.

நம் கண்ணுக்குள் நுங்கு மாதிரி ஒரு பொருள் நிரம்பியிருக்கிறது. இளமையில் அது கெட்டியாக விழித்திரையோடு ஒட்டியிருக்கும். வயதாக ஆக, வெட்டி வைத்த நுங்கு நீர் விடுவது போல இளகிச் சுருங்கி, விழித்திரையை விட்டு விலகுகிறது. விலகும்போது இழுக்கிறது, அந்த இழுப்புதான் மின்னல். பெரும்பாலோருக்கு அதோடு சரி. சிலருக்கு மட்டும் விழித்திரை கிழிந்துவிடும். கிழிசல் வழியாக நீர் பின்னால் புகுந்தால், ஈரச் சுவரில் ஒட்டிய சுவரொட்டி உரிவது போல விழித்திரை உரிந்து வரும்.

உரிந்தால் கதி என்ன? நூறு வருடத்துக்கு முன்பு குருடுதான். இரண்டு கண்ணையும் கட்டி, வாரக்கணக்கில் அசையாமல் படுக்கப் போடுவார்கள். 1912இல் அமெரிக்காவில் ஒரு கண் மருத்துவர் தன் சக மருத்துவர்களைக் கேட்டுக் கணக்கெடுத்தபோது, ஆயிரத்தில் ஒருவருக்குக் குணமானால் அதிகம் என்று தெரிந்தது.

இதை மாற்றியவர் ஸ்விட்சர்லாந்தில் லோசான் நகரத்துக் கண் மருத்துவர் ழூல் கொனன், 1870இல் பிறந்தவர். (நம் டாக்டர்கள் கோனின் என்கிறார்கள். பிரெஞ்சு படித்தவன் காதுக்கு அது உறுத்துகிறது.) உரிந்ததால்தான் கிழிந்தது என்று பலர் நினைத்திருந்தார்கள். இல்லை, கிழிந்ததால்தான் உரிந்தது, எனவே கிழிசலை அடைத்தால் போதும் என்றார் கொனன். அதை முதலில் நினைத்தவர் அவர் மட்டும் அல்லர். ஆனால் ஒவ்வொரு நோயாளியிடமும் கிழிசலைத் தேடியே தீருவது என்று உட்கார்ந்தவர் அவர்தான்.

சின்ன விளக்கோடு பொறுமையாகத் தேடுவார். கண்டதும் கடிகார முள் கணக்கில் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு, கண்ணின் வெளிப்புறத்தில் அதே இடத்தைக் குறிப்பார். அங்கே சின்னதாகக் கீறி, பழுக்கக் காய்ச்சிய முனையை உள்ளே செலுத்தி எடுப்பார். சூடு பட்ட இடம் தழும்பாகி விழித்திரையை ஒட்டிக்கொள்ளும். குறி தப்பினால் கண் போச்சு. 1920களில் இப்படிச் செய்து பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பார்வையைத் திருப்பிக் கொடுத்தார். உரிந்து நாளாகிவிட்ட கண்களில் பலன் குறைவு என்பதையும் அவரே கண்டார்.

சக மருத்துவர்கள் லேசில் நம்பவில்லை. 1929இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகக் கண் மருத்துவர் மாநாட்டில்தான் ஒப்புக்கொண்டார்கள். 1935இல் கொனன் காலமானார். அதே வருடம் லண்டனில் மூர் என்ற மருத்துவர் இந்த ஓரத்து மின்னலை விவரித்து எழுதினார். அது அநேகமாகக் கெடுதல் இல்லாதது என்பது அவர் கருத்து. அநேகமாக என்பது சரிதான். ஆனால் திடீரென்று மின்னலோ பூச்சிகளோ தெரிந்து, அந்த நுங்கு விலகியதே காரணமாக உள்ளவர்களில் சுமார் ஏழில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கிறது என்று பின்னாளில் கணக்கெடுத்தார்கள். என் நண்பர் அந்த ஏழில் ஒருவர்.

கண் ஆஸ்பத்திரியில் கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து, கோடுகள் நேராகத் தெரிகிறதா என்று கேட்பார்களே, அந்த அட்டையைத் தந்த ஆம்ஸ்லர் கொனனின் சீடர். இரண்டு கண்ணாலும் விழித்திரையின் ஓரம் வரை பார்க்கும்படி, தலையில் மாட்டும் கருவியைச் செய்தவர் ஷெப்பன்ஸ் என்ற பெல்ஜியக்காரர். இரண்டாம் உலகப்போரின்போது அவர் பெயரை மாற்றிக்கொண்டு பிரான்ஸ் எல்லை மலையில் ஒரு மரம் அறுக்கும் ஆலையை நடத்தி, ஜெர்மானியர் கண்ணில் மண்ணைத் தூவி நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஸ்பெயினுக்குத் தப்ப வைத்தார். அது தனிக் கட்டுரைக்கு உரிய கதை.

என்னைப் பரிசோதித்த மருத்துவர் அந்த மாதிரிக் கருவியைத்தான் தலையில் மாட்டியிருந்தார். சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் உட்கார வைத்து, மேலே பார், கீழே பார் என்று ஓரமெல்லாம் தேடினார். கிழிசல் இல்லை. சில வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அதற்குள் மின்னல் அதிகமானாலோ, புகைக்கரி தூவியது போலப் புள்ளிகள் கொட்டினாலோ, ஓரத்தில் நிழல் விழுந்தாலோ அன்றைக்கே வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்கக்கூடாது என்றார். கிழிசல் மட்டும் என்றால் லேசரால் சுற்றி ஒட்டிவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

இதையெல்லாம் நண்பரிடம் மாலையில் கடற்கரையில் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்போ அந்த மனுஷன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுலேயே வழி சொல்லிட்டாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை. எப்போதும் என் இடது பக்கம்தான் உட்காருவார். அவருக்கு வலது கண்தான் தெரியும், நான் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.