வெள்ளகெவிப் பாதையில் ஏறியவர்கள்

கொடைக்கானலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1821-இல் தொடங்குகிறார்கள். அந்த ஆண்டுதான் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு என்ற நில அளவை அதிகாரி பழனி மலையை அளக்க மேலே ஏறினார். அவர் தங்கியிருந்து புறப்பட்ட இடம் வெள்ளகெவி. பெரியகுளத்துக்கும் இன்றைய வட்டக்கானலுக்கும் நடுவே, மலைச்சரிவில் இருக்கும் ஊர். ஊர் இருந்தது, ஊருக்குப் பாதை இருந்தது, பாதையில் சுமையோடு ஏறி இறங்கிய மனிதர்கள் இருந்தார்கள். பிறகு வெள்ளைக்காரர் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருந்ததோ!

1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சலும் காலராவும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம் அது. பிறகு கோடைதோறும் குடும்பம் குடும்பமாக மேலே வந்தார்கள். வத்தலக்குண்டிலிருந்து வரும் மோட்டார் சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1916-இல்தான். அதுவரை கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதைதான் வழி. அதற்கு வைத்த பெயரே 'கூலி காட்'. துரைசாணிகள் டோலியில் போனார்கள். அவர்களையும் அவர்கள் பெட்டி படுக்கைகளையும் தூக்கியவர்களின் பெயர் எங்கும் இல்லை. 1872-இல் நடைபாதை போட்ட கோக்கர் என்ற ராணுவ அதிகாரியின் பெயரில் மட்டும் இன்றும் நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு நடக்கிறோம்.

அந்தத் துரைசாணிகளை ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1901-இல் தொடங்கிய கொடைக்கானல் பள்ளியின் முதல் தலைவர் மார்கரெட் எடி என்ற பெண். அதே காலத்து இங்கிலாந்தில் மலையேறும் ஆண்களின் ஆல்பைன் சங்கம் பெண்களைச் சேர்க்கவே இல்லை. 1907-இல் பெண்கள் தங்களுக்குத் தனிச்சங்கம் அமைக்க வேண்டியிருந்தது. அதன் முதல் தலைவி லிஸி லெ ப்ளாண்ட் பாவாடைக்குள் கால்சட்டை போட்டுக்கொண்டு போவாராம். ஊர் கண்ணில் மறைந்ததும் பாவாடையைக் கழற்றி ஒரு பாறைக்கடியில் வைத்துவிட்டு ஏறுவார். ஒருமுறை அதை மேலேயே விட்டுவிட்டு இறங்கி, திரும்ப ஏறி எடுத்துவர வேண்டியதாயிற்று என்று கதை. நம் மலைப் பெண்களோ சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்துகட்டி, தலையில் விறகுக்கட்டோடு அதே செங்குத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதற்கு 'மலையேற்றம்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. வேலை என்றார்கள். வேலை என்றுகூடப் பல நேரம் சொல்லவில்லை.

டோலி ஒழிந்துவிடவில்லை, ஏறுகிற ஆள்தான் மாறிவிட்டார். நல்ல சாலை இல்லாமல் காலம் தள்ளிய வெள்ளகெவியில் பிரசவ வலி கண்டவளையும் பாம்பு கடித்தவரையும் கம்பில் போர்வை கட்டித்தான் வட்டக்கானலுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். பதிவேட்டில் ஏறி இருநூறு ஆண்டு தாண்டிய ஊருக்கு இந்த நிலை.

இப்போது இதே சரிவுகளுக்கு இன்னொரு கூட்டம் வருகிறது. கயிறு இல்லாமல், விழுந்தால் தாங்க ஒரு மெத்தையைக் கீழே போட்டுக்கொண்டு, ஆள் உயரம் இரண்டாள் உயரம் உள்ள குண்டுப்பாறைகளில் விரல் பிடியால் ஏறும் விளையாட்டு. போல்டரிங் என்கிறார்கள். கர்நாடகத்தின் ஹம்பி இதற்கு உலகப் பெயர் பெற்றது. பழனி மலையின் பாறை சார்னகைட். கெட்டியானது, ஈரக்காற்றில் பாசி பிடித்திருப்பது. இந்த விளையாட்டில் இளம்பெண்கள் நிறைய வருவது எனக்குச் சந்தோஷம். தோள்பலத்தைவிடச் சமநிலையும் நிதானமும் உதவும் பாறைகள் உண்டு. அங்கே பெண் யாருடைய தயவிலும் ஏற வேண்டியதில்லை.

பொறுப்பாக ஏறுவதற்கு இவர்களிடம் விதிகள் உண்டு. கைக்குப் பூசும் வெள்ளைப் பொடியின் தடத்தைத் துடைத்துவிட வேண்டும், பாசியையும் ஒட்டுச்செடியையும் சுரண்டக் கூடாது, குப்பையைத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் இந்த விதிகள் பாறையை ஆளில்லாத இடமாக நினைத்து எழுதப்பட்டவை. பெத்துப்பாறை, தாண்டிக்குடிப் பக்கம் பாறைத்தளங்களில் பலகைக்கல் நிறுத்தி மூடிய ஈமச்சின்னங்கள் இருக்கின்றன; ஊரார் குள்ளர் குகை என்பார்கள். செண்பகனூர் பாதிரியார் ஆங்லாட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து இவற்றைப் பற்றி எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. பிடி தேடும் கைக்கு இவையும் கல்தான். வெள்ளகெவிக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. எந்தப் பாறை சாமி, எந்தப் பாறையடியில் பெண்கள் தண்ணீர் எடுப்பார்கள், எங்கே ஒதுங்குவார்கள் என்பது ஊர்ப் பெண்களைக் கேட்காமல் தெரியாது. கேமராவோடு நிற்கும் பத்துப் பேர், ஒதுங்க வந்த பெண்ணை இன்னும் அரை மைல் நடக்க வைப்பார்கள். இது எந்த விதிப்பட்டியலிலும் இல்லாத சேதாரம்.

அனுமதி கொடுக்கும் அரசுக்கும் இந்தப் பெண்கள் கண்ணில் பட்டதில்லை, பட்டால் குற்றவாளியாகத்தான். 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் வந்தபின், காப்புக்காட்டில் விறகு பொறுக்குவது அபராதத்துக்குரியதாயிற்று. கிழங்கு தோண்டிய, பாறைத்தேன் எடுத்த பளியர்கள் தங்கள் காட்டிலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா தர வேண்டும் என்று அது சொல்கிறது. 2013-இல் பழனி மலையின் ஒரு பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் என அறிவிக்கப்பட்டது. பட்டா கைக்கு வரும் வேகத்தையும் வேலி வரும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விளையாட வருகிற பெண்ணுக்கும் காடு எளிதில் திறப்பதில்லை. பக்கத்துத் தேனி மாவட்டத்தின் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மலையேறிகள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காய்ந்த புல் எரியும் மாதத்தில் வழி எப்படித் திறந்திருந்தது என்பதல்லவா முதல் கேள்வி? தெருவில் கேட்டதோ, 'பொம்பளைப் பிள்ளைகளுக்கு மலையில என்ன வேலை' என்பது. அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன: முன்அனுமதி, கட்டணம், வழிகாட்டி. 2024 முதல் இணையத்தில் பதிவு செய்து போகலாம். பணமும் போனும் உள்ள பெண்ணுக்குப் பாதி வழி திறந்திருக்கிறது. விறகுக்காரிக்கு அந்தப் பதிவுப் பக்கத்தில் இடமில்லை.

பாறை தேடிப் போகும் தோழிகளிடம் எனக்குச் சில கோரிக்கைகள் உண்டு. வனத்துறை அனுமதியை வாங்குங்கள், அதோடு நிற்காமல் ஊருக்குள் போய்ப் பெண்களிடம் பேசுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன பாறையின் படத்தையும் இருப்பிடத்தையும் பொதுவில் போடாதீர்கள். வழிகாட்டிக் கூலி என்று ஒன்று கொடுக்கிறீர்களே, அது யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். அந்தச் சரிவில் எந்தக் கல் மழையில் வழுக்கும் என்று விறகு சுமந்தவளுக்கு நன்றாகத் தெரியும். கூலியும் அவள் கையிலேயே போகட்டும்.