இருளில் எண்ணிய பறவைகள்

கண்ணுக்குத் தெரியாத பறவையை எண்ண முடியுமா? முடியும், காது இருந்தால் போதும்.

செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரை ஊர்களில், இரவு வானில் "வக், வக்" என்று கத்திக்கொண்டு ஒரு கொக்கினம் போவதைக் கேட்டிருப்பீர்கள். அதுதான் வக்கா. குரலே பெயராகிவிட்டது! வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதி வாங்கினார்கள். அங்கே கூடு கட்டும் பறவைகளுள் வக்காவும் ஒன்று.

வக்கா இரைக்காக இரவில் பறக்கிறது. ஆறுமணிக்குருவியோ வலசைக்காகப் பறக்கிறது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்தபின் இரவிரவாகத் தெற்கே வருகிறது. மாமல்லபுரக் கடற்கரைக்கு வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பெரும்பாலும் இரவுப் பயணிகளே. இரவில் காற்று அமைதியாயிருக்கும், உடல் சூடேறாது, பகல் முழுவதும் இரை தேடலாம். இப்படிப் போகும் பறவைகள் பல, துணையைப் பிரியாதிருக்கச் சிறு குரல் கொடுக்கின்றன.

அக்குரல்களை எண்ணிய முன்னோடி ஆரின் லிபி. அவர் விலங்கியலார் அல்லர், சரித்திர அறிஞர்! 1896 செப்டம்பரில் அமெரிக்காவின் மாடிசன் நகருக்கருகே ஒரு குன்றில் அமர்ந்து, ஒரே இரவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குரல்களை எண்ணினார்.

காது களைக்கும், கருவி களைக்காது. 1950-களின் இறுதியில் கிரேபர், கோக்ரன் இருவரும் குழிந்த கிண்ணத்தை வானை நோக்கி வைத்து, டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார்கள். டார்ச் விளக்கின் கிண்ணம் ஒளியை வெளியே அனுப்புகிறது. இந்தக் கிண்ணம் ஒலியை உள்ளே குவிக்கிறது. தத்துவம் ஒன்றே. பின்னர், 1985-ல் இரவுக் குரல்களில் மனம் பறிகொடுத்த பில் எவன்ஸ், பிளாஸ்டிக் பூந்தொட்டிக்குள் மலிவான மைக்கை வைத்தார். தொட்டியின் சுவர் பக்கவாட்டு இரைச்சலைக் குறைக்கும்; மேலிருந்து வரும் குரல் நேரே மைக்கில் விழும். எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான்.

நியூயார்க்கில் ஆண்டுதோறும் நினைவஞ்சலியாக வானில் பாய்ச்சப்படும் ஒளிக்கற்றைகளை, 2008 முதல் 2016 வரை ஏழு இரவுகளில் ராடாராலும் மைக்காலும் ஆராய்ந்தனர். சுமார் 11 லட்சம் பறவைகள் பாதிக்கப்பட்டன என்பது கணக்கு. ஒளியில் சிக்கியவை சுற்றிச்சுற்றிக் கத்தின. விளக்கை அணைத்ததும் சில நிமிடங்களில் கலைந்து போயின, குரல்களும் குறைந்தன. நம்மூரிலும், விளக்கொளியில் மயங்கி வீட்டுக்குள் புகுந்து களைத்துக் கிடக்கும் ஆறுமணிக்குருவியைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை, மழையில்லாத இரவில், கொல்லைப்புற விளக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரம் உட்காருங்கள். மணியையும் காற்றின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். வக்காவைத் தனியாக எழுதுங்கள். மெல்லிய சீழ்க்கை கேட்டால் அதை வேறு பத்தியில்.