துப்பாக்கி மேல் ஏறிய தொலைநோக்கி: நீலகிரி வரையாடு முதல் மரக்காணம் கழுவெளி வரை

வேட்டைத் துப்பாக்கிக்கான ஸ்கோப் பெட்டி மேல் 3-9×40 என்று போட்டிருக்கும். மரக்காணம் கழுவெளிக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் கழுத்தில் தொங்கும் பைனாகுலரில் 8×42 என்று இருக்கும். இரண்டும் ஒரே கணக்குதான். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 3-9 என்றால் 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம். கடைசி எண் முன்பக்க லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். கொல்லப் பார்த்த கண்ணாடியும் சும்மா பார்க்கிற கண்ணாடியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவை எங்கே பிரிந்தன என்பதைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப்போகிறோம்.

1840களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், யூட்டிகா ஊரில் மார்கன் ஜேம்ஸ் போன்ற துப்பாக்கிக் கைவினைஞர்கள் குழலின் நீளத்துக்கே தொலைநோக்கிக் குழாய் பொருத்தினார்கள். இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. பம்பாய் ராணுவத்தில் அதிகாரியாக இருந்த டேவிட்சன் வடிவமைத்த ஸ்கோப், விட்வொர்த் துப்பாக்கியின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டு அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) வரை போனது.

ஆனா நம்ம காட்டு வேட்டைக் கதைகளில் ஸ்கோப்பைத் தேடினால் கிடைக்காது. ஜிம் கார்பெட், 1907-ல் சம்பாவத் புலியைக் கொன்றதற்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி துப்பாக்கியை வெறும் இரும்புக் குறியோடுதான் பயன்படுத்தினார். சேலம், ஓசூர் பக்கத்துக் காடுகளில் சுற்றிய கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டரும் அப்படித்தான். காரணம் எளிது. புதர்க்காட்டில் புலி தெரிவதே சில கெஜ தூரத்தில். பரண் கட்டி, இரை வைத்து, ராத்திரி முழுக்கக் காத்திருக்கிற வேட்டையில் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைவிட டார்ச் லைட்தான் உதவும்.

தூரத்திலிருந்து சுடவேண்டிய வேட்டை தமிழ்நாட்டில் இருந்த இடம் நீலகிரியின் புல்வெளி. வரையாடு பாறை விளிம்பில் நிற்கும், கீழ்ப்பக்கத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். வேட்டைக்காரர் சுற்றி வந்து மேலிருந்து இறங்கவேண்டும். மறைவே இல்லாத புல்மேட்டில் ஓரளவுக்கு மேல் நெருங்கவும் முடியாது. குறி கொஞ்சம் பிசகினால் அடிபட்ட ஆடு பள்ளத்தில் விழுந்துவிடும், யாருக்கும் கிடைக்காது. இப்படியே போனால் ஆடே மிஞ்சாது என்ற கவலை அங்கே சுட்டவர்களுக்கே வந்தது. 1877-ல் நீலகிரி வேட்டைச் சங்கம் உருவானது. 1879-ல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க மதராஸ் அரசு நீலகிரிக்கென்று தனிச் சட்டமே போட்டது.

அதற்குப் பிறகுதான் கண்ணாடி உண்மையில் நல்ல கண்ணாடி ஆச்சு. பூச்சு இல்லாத லென்ஸின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். ஒரு ஸ்கோப்புக்குள் பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காலி. 1935-ல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த எதிரொளி தடுக்கும் பூச்சு இதை மாற்றியது. 1947-ல் அமெரிக்காவின் லூபோல்ட் நிறுவனம் குழாய்க்குள் நைட்ரஜன் அடைத்து, உள்ளே பனி படியாத ஸ்கோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

தேர்ந்தெடுக்கிறவர் போடவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸ் அகலத்தை மடங்கால் வகுத்துப் பாருங்க. 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும். ஆக, அந்தி வேளையில் மடங்கைக் கூட்டக் கூட்டப் படம் மங்கும். ‘எவ்வளவு மடங்கோ அவ்வளவு நல்லது’ என்பது கடைக்காரர் பேச்சு.

எந்த விலை கொடுத்தாலும் கண்ணாடியால் முடியாத ஒன்றும் இருக்கிறது. .275 ரிக்பி மாதிரி துப்பாக்கியின் குண்டு 300 மீட்டர் போக அரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். சாதாரணமாக நடக்கிற மான் அதற்குள் ஏறக்குறைய ஒன்றரை அடி நகர்ந்துவிடும். குறி வைக்கவேண்டிய இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடமோ ஒரு சாண் அகலம். பக்கக்காற்று வேறு. கண்ணாடி தூரத்தைக் குறைத்துக் *காட்டும்*; குண்டுக்கு அந்தத் தூரம் அப்படியேதான் இருக்கும். அந்த வித்தியாசத்தின் விலையைக் கொடுப்பது விலங்கு.

இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை இறுக்கியது. 1991 திருத்தம் மிச்சமிருந்த உரிம வேட்டையையும் ஏறக்குறைய மூடிவிட்டது. துப்பாக்கி இறங்கியது, கண்ணாடி மட்டும் தங்கியது.

மரக்காணத்துக்கு வருவோம். உப்பளங்களுக்குப் பக்கத்தில் விரிந்து கிடக்கும் கழுவெளி உவர்நீர் ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயமானது, 5,151 ஹெக்டேர். 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரையும் உள்ளானும் கருவால் மூக்கனும் நிற்கிற சேற்றில், நீலகிரிப் புல்மேடு மாதிரியே மறைவு கிடையாது. நெருங்கினால் கூட்டமே எழுந்து பறந்துவிடும். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கிற பறவைக்கு, ஒவ்வொரு முறை எழுவதும் தின்றதில் ஒரு பகுதி வீண். பைனாகுலர் எடுத்துப்போவதற்கு முதல் காரணம் அதுதான்: நாம கரையிலேயே நிற்கலாம்.

அங்கேயும் அதே கணக்குதான். காலை பதினோரு மணிக்கு மேல் உப்புப் பாத்தி மேல் கானல் நெளியும். 20 மடங்கு வைத்தால் பறவையோடு கானலும் 20 மடங்காகும். 8×42 போதும், 5 மி.மீ.-க்கு மேல் ஒளி தரும், அந்திக்கும் தாங்கும். நைட்ரஜன் அடைத்ததாகப் பார்த்து வாங்குங்க. உப்புக்காற்று படிந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காதீங்க, உப்புத்தூள் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு சுத்தமான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்க.