ஹெல்மெட்டும் எங்க வீட்டுப் பரணும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்ட விஷயம் இது. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வீட்டுக்கதை. பொறுத்துக்கோங்க மக்களே.

2007-ல தமிழ்நாட்டுல ஹெல்மெட் கட்டாயம்னு அரசு உத்தரவு வந்தப்போ நான் நாகர்கோவில்ல நாலாங்கிளாஸ். அப்பா ஒரு கறுப்பு ஹெல்மெட் வாங்கிட்டு வந்தாங்க. கொஞ்ச நாள்ல கெடுபிடி கொறஞ்சுது. ஹெல்மெட் பரணுக்குப் போச்சு. 2015-ல சென்னை உயர்நீதிமன்றம், ஜூலை 1 முதல் ஓட்டுறவங்களும் பின்னால இருக்கிறவங்களும் கண்டிப்பா போடணும்னு சொன்னதும் திரும்பக் கீழ எறங்கிச்சு. உள்ள பல்லி முட்டை!

இத்தனைக்கும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 129-வது பிரிவு ரெண்டு பேருக்குமே தலைக்கவசம் வேணும்னு சொல்லுது. ஆனா நம்மாளுங்களுக்கு ஹெல்மெட்னா போலீஸ் சமாச்சாரம். போலீஸ் நின்னா தலையில, இல்லன்னா டேங்க் மேல.

உண்மையில இதைத் தலையில ஏத்தினது போலீஸ் இல்ல, ஒரு டாக்டர். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பாத்தவங்களுக்கு முதல் காட்சி ஞாபகம் இருக்கும். 1935 மே மாசம், இங்கிலாந்துல நிஜமாவே நடந்த விபத்து அது. சைக்கிள்ல போன ரெண்டு பையன்க மேல மோதாம இருக்க வண்டிய ஒடிச்சாரு லாரன்ஸ். தூக்கி வீசிடுச்சு. தலையில அடி. ஆறு நாள் நினைவு திரும்பாமலே போய்ச் சேர்ந்தாரு. வயசு 46.

அவரைப் பாத்த டாக்டர்கள்ல ஒருத்தர் ஹ்யூ கெய்ர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். மனுஷன் இதை அப்படியே விடல. 1941-ல ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாரு. போர் தொடங்கின முதல் 21 மாசத்துல பிரிட்டன்ல பைக் விபத்துல செத்தவங்க 2279 பேர். ஹெல்மெட் போட்டு அடிபட்டவங்கன்னு அவர் கண்ணுல பட்டது வெறும் ஏழு பேர். ஏழு பேருமே பொழச்சுட்டாங்க. அதே வருஷம் நவம்பர்ல பிரிட்டிஷ் ராணுவம் பைக் ஓட்டுற வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிச்சு. பொதுமக்களுக்குச் சட்டம் வந்தது 1973-ல. வெள்ளைக்காரனுக்கே 32 வருஷம் ஆயிருக்கு!

சூட்சுமம் ரொம்ப எளிசு. வெளி ஓட்டை விட உள்ள இருக்கிற தெர்மோகோல்தான் முக்கியம். அடி விழும்போது அது நசுங்கி வேகத்தை வாங்கிக்கும். ஒரு தடவை நசுங்கினா அதோட கதை முடிஞ்சுது, மாத்திடணும். தாடைப் பட்டையை மாட்டலன்னா நம்ம தலை தரையில படுறதுக்கு முன்னாடியே ஹெல்மெட் பறந்துடும்.

இப்போ வீட்டுக்கதை. ரெண்டு வருஷம் முன்னாடி சித்தப்பா சாயங்காலம் பால் வாங்கக் கெளம்பினாங்க. "இங்கன பக்கத்துல தானே மக்கா"ன்னு சொல்லிட்டு ஸ்கூட்டரை எடுத்தாங்க. குறுக்க ஒரு நாய். வேகம் முப்பது கூட இருக்காது. ஒடம்புல ஒரு கீறல் இல்ல. இன்னிக்கும் என்னை அண்ணன் பேரு சொல்லித்தான் கூப்பிடுறாங்க. நானும் திருத்துறதில்ல, "என்ன சித்தப்பா"ன்னு போய் நிப்பேன்.

ஹெல்மெட் அன்னிக்கு ஸ்கூட்டர் கொக்கியிலதான் தொங்கிட்டு இருந்துது.

2022 அக்டோபர்லருந்து நம்ம மாநிலத்துல அபராதம் 1000 ரூபா. அதுக்குப் பயந்து போட்டாலும் சரிதான். ஆனா பால் கடைக்குப் போற வழியில போலீஸ் நிக்காது மக்கா. அந்தப் பட்டையையும் சேத்து மாட்டிட்டுக் கெளம்புங்க.